பொம்மைக்கு உயிர் கொடுத்தவர் யார்?

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க நாட்டுப் படமாளிகைகளிற் சிறுவர்கள் அழுதார்கள். திரையிலே இறந்துகொண்டிருந்தவன் மனிதனல்லன். லொறியாக உருமாறவல்ல ஓர் இயந்திர வீரன். ஒப்டிமஸ் பிரைம் என்பது அவன் பெயர். 'டிரான்ஸ்போமர்ஸ்' என்ற தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரின் முழுநீளத் திரைவடிவம் அது. அழுத பிள்ளைகளிற் பலரது வீட்டில், அலுமாரித் தட்டிலோ கட்டிலுக்கடியிலோ, அவ்வீரனின் சிறிய உருவம் கிடந்தது. படத்தின் முற்பகுதியிலேயே அவனும் அவனுடைய பழைய தோழர் பலரும் மாண்டுபோயினர்.

ஏன் மாண்டனர்? கதை வேண்டிய மரணமன்று அது. 1984இலும் 1985இலும் விற்ற விளையாட்டுச் சாமான்களைக் கடைத் தட்டுகளிலிருந்து அகற்றிவிட்டுப் புதியனவற்றை வைக்க ஹஸ்ப்ரோக் கொம்பனி தீர்மானித்திருந்தது. பழைய சரக்கை அப்புறப்படுத்துவதற்குத் திரையிலே கண்ட வழிதான் அச்சாவு. பிள்ளைகளோ அதனைச் சரக்குக் கணக்காகக் கொள்ளவில்லை, சாவாகவே கொண்டார்கள். கடிதங்கள் குவிந்தன. கொம்பனி திகைத்தது. 1987ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தொலைக்காட்சித் தொடரிற் பிரைம் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டான். அதே கொம்பனியின் இன்னொரு சாமான் வரிசையான 'ஜீ. ஐ. ஜோ'வின் படத்தில் இறக்கவிருந்த படைவீரனொருவன், மயக்கமுற்றவனாக அவசரமாக மாற்றப்பட்டான்.

உற்பத்தி செய்து விற்றவனுக்கு அந்தப் பொம்மை சரக்கு. அதனோடு வாழ்ந்தவனுக்கு அது உயிர். ஒரே பொருளின் இரு முகங்கள் இவை. 2007ஆம் ஆண்டிலிருந்து ஹொலிவூட் இப்பொம்மைகளை வைத்து எடுத்துவரும் பெரும்பணப் படங்களைப் பற்றி, வளர்ந்து ஆளாகிவிட்ட அன்றைய சிறுவர்கள் இருமனப்பட்டு நிற்கிறார்கள். போகாமலிருக்கவும் முடியவில்லை, போய்வந்தபின் பொருமாமலிருக்கவும் முடியவில்லை. அவர்களது இந்த இரண்டுபட்ட மனம் வெறும் சிறுபிள்ளைத்தனமன்று. அது நம் காலத்துப் பண்பாட்டின் அடிப்படை முரண்பாடொன்றை, அறிந்தோ அறியாமலோ, சரியாக உணர்ந்துகொண்ட மனம். அதனை எள்ளி நகையாடுவோரையும் அதனைக் காசாக்குவோரையும் ஒருங்கே எதிர்த்து எழுதுவதே நமது நோக்கம்.

எள்ளி நகையாடுவோர் நம் அணியிலேயே உளர். நாற்பது வயதுக்காரர் பிளாஸ்டிக் பொம்மைக்காகக் கண்ணீர் வடிப்பதா, ஏகாதிபத்தியக் குப்பையைப் பற்றி ஒரு முற்போக்கு ஏடு தாள்களை வீணாக்குவதா என்று அவர்கள் கேட்பர். ஏளனமே புரட்சி என்று எண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இவர்கள். மறுபுறத்திலே சந்தையின் வக்கீல்கள். மக்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள், அதுவே இறுதித் தீர்ப்பு, அதன்மேல் விமர்சகனுக்கு என்ன வேலை என்பது இவர்களது வாதம். இரு சாராரும் எதிரெதிரே நிற்பதுபோலத் தோன்றினும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டவர்கள்: பார்வையாளன் மூடன் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஒருவர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்; மற்றவர் அவனது சட்டைப்பையைத் தடவுகிறார்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். யப்பானின் தகாராக் கொம்பனி 1980இல் 'டயக்குளோன்' என்ற பெயரில் உருமாறும் இயந்திரப் பொம்மைகளை வெளியிட்டது. அவற்றினுள்ளே சிறு மனித உருவங்கள் அமர்ந்து ஓட்டுவதாக அமைப்பு. இயந்திரம் இயந்திரமாகவே இருந்தது. சிந்தித்தவன் உள்ளேயிருந்த மனிதன். இவற்றையும் வேறுசில பொம்மைகளையும் விற்கும் உரிமையைப் பெற்ற ஹஸ்ப்ரோ, 1984இல் 'டிரான்ஸ்போமர்ஸ்' எனப் புதுப்பெயரிட்டுச் சந்தைக்கு விட்டது. மார்வல் சித்திரக்கதை நிறுவனத்தைக் கொண்டு கதையும் செய்வித்தது. அங்கே பணியாற்றிய பொப் புடியான்ஸ்கி என்பவர் பெரும்பாலான பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் எழுதினார். உள்ளேயிருந்த மனிதன் வெளியேற்றப்பட்டான். இயந்திரமே நினைக்கவும் துயரப்படவும் தொடங்கிற்று. சரக்காகிவிட்ட மேசை தலைகீழாக நின்று விசித்திர எண்ணங்களை எண்ணத் தொடங்குவதைப் பற்றி மார்க்ஸ் 1867இலேயே 'மூலதன'த்திற் குறும்பாக எழுதியிருந்தார். அவரது மேசை கொம்பனிக் கணக்கிலே நடமாடத் தொடங்கிய காலம் இது எனலாம்.

அதே ஆண்டிற் கார்ட்டூன் தொடரும் தொடங்கியது தற்செயலன்று. 1969இல் 'ஹொட் வீல்ஸ்' என்ற விளையாட்டுக் கார்களின் பெயரில் வந்த தொடரைக் குறித்து முறைப்பாடு எழுந்தபோது, அதன் ஒரு பகுதியை விளம்பர நேரமாகவே கணக்கிடவேண்டும் என்று அமெரிக்க ஒளிபரப்பு ஆணையம் நிலையங்களுக்கு அறிவித்தது. கதை வேறு, விளம்பரம் வேறு என்ற வேலி அப்பொழுது இருந்தது. 1981இல் ரேகன் ஜனாதிபதியானார். அவர் ஆணையத்தின் தலைவராக நியமித்த மார்க் பவுளர், தொலைக்காட்சியையும் வீட்டுப் பாவனைக்கான மற்றொரு மின்கருவி என்றே கருதியவர். 1984இல் விளம்பர நேரக் கட்டுப்பாடுகள் கைவிடப்பட்டன. வேலி வீழ்ந்ததும் சந்தை பிள்ளைகளின் அறைக்குள் நேரே நடந்து வந்தது. அரைமணிக் கதையே அரைமணி விளம்பரமாயிற்று. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி, சிறுவர் நிகழ்ச்சியில் விளம்பரத்தை மணிக்கு வார இறுதியிற் பத்தரை நிமிடமாகவும் ஏனைய நாட்களிற் பன்னிரண்டு நிமிடமாகவும் வரையறுத்தது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

ஆகவே, 'எங்கள் பால்யத்தின் தூய நினைவை ஹொலிவூட் மாசுபடுத்திவிட்டது' என்று குமுறும் இரசிகரிடம் நாம் முதலிற் கூறவேண்டிய கசப்பான செய்தி ஒன்றுண்டு. தூய மூலம் என்று ஒன்று இருக்கவில்லை. அவர் நேசித்த கதை பிறக்கும்போதே விலைச்சீட்டோடு பிறந்தது.

இவ்விடத்தில் நமது ஏளன நண்பர்கள் கைதட்டுவர். பொறுக்க! விஷயம் இத்துடன் முடிந்துவிடவில்லை.

கொம்பனி விற்றது பிளாஸ்டிக்கையும் தகரத்தையுமே. அவ்வடிவத்துக்குக் குரல் கொடுத்தவன் யார்? மேசைக் காலை மலையாகவும் படுக்கை விரிப்பைப் பாலைவனமாகவும் ஆக்கி, இரு கைகளாலும் இரு படைகளை நடத்தி, தோற்றவனை மன்னிப்பதா கொல்வதா என்று மாலை முழுவதும் தவித்தவன் யார்? அந்தச் சிறுவன்தான். நுங்குக் கோம்பையைச் சில்லாக்கி வண்டி உருட்டிய நம் ஊர்ப் பிள்ளையும், பிள்ளைத்தமிழிற் சிறுதேர் உருட்டும் குழந்தையும், அமெரிக்கத் தொழிற்பட்டினத்திற் பிளாஸ்டிக் லொறியைத் தள்ளிய குழந்தையும் செய்த வேலை ஒன்றே. பொருளுக்கு உயிரூட்டும் வேலை அது. நவீன விளையாட்டுச் சாமான்கள் பிள்ளையைப் படைப்பாளியாக்காமல் வெறும் உடைமையாளனும் உபயோகிப்பவனுமாக ஆக்குகின்றன என்று பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த் 1957இல் எழுதினார். சாமானைப் பற்றி அவர் கூறியது சரி. பிள்ளையைப் பற்றிக் கூறியது போதாது. உடைமையாளனாக்கும் பொருளைக் கையிலெடுத்தும் பிள்ளை படைப்பாளியாகிவிடுகிறது. அதன் கற்பனையுழைப்புக்குச் சம்பளமில்லை, பங்கு இலாபமுமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளின் பின் அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளம் துள்ளுகிறதே, அத்துள்ளல் முழுவதும் அவ்வுழைப்பின் விளைச்சல். ஹொலிவூட் அறுவடை செய்வது இந்த விளைச்சலைத்தான்.

கூலிக்கு எழுதிய கதாசிரியர்கள்கூட வெறும் விளம்பரத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1985இறுதியில் வந்த ஒரு பகுதியில், மாவீரன் ஒப்டிமஸ் பிரைம் முன்னர் துறைமுகத்தில் வேலைசெய்த சாதாரணத் தொழிலாளியாகக் காட்டப்பட்டான். 1986இல் வந்த மற்றொரு கதையோ இன்னும் வியப்புக்குரியது. அந்த இயந்திர இனத்தின் ஒரு கிளை நுகர்பொருளாகவும் மறு கிளை போர்த்தளபாடமாகவும் உற்பத்தி செய்யப்பட்டதாம். பின்னர் அவர்கள் தம்மைச் செய்து விற்ற எசமானர்களுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்றனராம். சரக்குகள் தம் உற்பத்தியாளனுக்கெதிராகக் கலகஞ் செய்யும் கதையைச் சரக்கு விற்பதற்காகவே ஒரு கொம்பனி ஒளிபரப்பியது! முதலாளித்துவப் பண்பாடு ஒரே கல்லிற் செதுக்கிய சிலையன்று. அதன் உள்ளே விரிசல்கள் உண்டு. அவ்விரிசல்களின் வழியாகத்தான் பிள்ளைகள் நீதியையும் தோழமையையும் கண்டுகொண்டனர்.

இனி 2007க்கு வருவோம். மைக்கல் பே இயக்கிய முதற்படம் உலகெங்கும் 700 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. பழைய தொடரிற் பிரைமுக்குக் குரல்கொடுத்த பீற்றர் கல்லனே மீண்டும் குரல்கொடுத்தார். அக்குரல் இருளில் ஒலித்தபோது வளர்ந்த மனிதர்கள் சிலிர்த்தனர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் ஒன்றையொன்று தாண்டி மடிந்து லொறி மனிதனாக எழுந்த காட்சி, கணினிக் கலைஞர்களின் உழைப்புக்கு என்றும் சான்றாக நிற்கும். அதனை நாம் மறுக்கவில்லை. கையால் மெல்லத் திருகித் திருகிச் செய்த உருமாற்றத்தைக் கண்ணால் முழுதாகக் கண்ட இன்பம் இரசிகனுக்கு உண்மையான இன்பமே.

ஆனால் அவ்வின்பத்தோடு சேர்த்து அவனுக்கு விற்கப்பட்டவை எவை? பழைய தொடரிற் பம்பிள்பீ என்ற சிறிய தோழன் ஒரு மஞ்சள் வொக்ஸ்வாகன் வண்டி, எளியவரின் கார். படத்திலே அவன் ஜெனரல் மோட்டர்ஸின் பளபளக்கும் கமாரோவானான். பிரைமைத் தவிர நல்லணியின் மற்ற நால்வரும் அதே நிறுவனத்தின் வாகனங்களே. பழைய கார்கள் விற்கும் முற்றத்திற் பம்பிள்பீ தன் கதவால் அருகிலுள்ள மஞ்சள் வொக்ஸ்வாகனை இடித்துத் தள்ளும் காட்சியும் உண்டு. நினைவு எப்படி இடித்துத் தள்ளப்பட்டது என்பதற்கு வேறு உருவகம் வேண்டியதில்லை. 2009 ஜூன் முதலாந் திகதி ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றஞ் சென்றது. அதே மாதத்திலேயே அதன் கார்கள் வீரர்களாகப் பவனிவரும் இரண்டாம் படம் திரைக்கு வந்தது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து நின்றபோது திரையிற் கார்கள் உலகைக் காத்துக்கொண்டிருந்தன.

இராணுவத்தையும் மறக்கலாகாது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் இப்படங்களுக்கு விமானங்களையும் தளங்களையும் தாராளமாகத் தந்தது. திரைக்கதையைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லும் உரிமையைப் பெற்றுக்கொண்டே அத்திணைக்களம் இத்தகைய உதவியை வழங்குவது வழக்கம். ஈராக்கிலே உண்மையான குண்டுகள் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பாலைவனத்து அமெரிக்கப் படைவீரன் பிள்ளைகளின் பொம்மைக்குத் தோழனாக்கப்பட்டான். துறைமுகத் தொழிலாளியாயிருந்த பிரைமோ படிப்படியாகக் கொலைஞனானான். 2011இல் வந்த மூன்றாம் படத்தில், கீழே விழுந்து மன்றாடும் பகைவனைச் சுட்டுக்கொல்கிறான். மன்னிப்பதா கொல்வதா என்று பிள்ளை ஒரு மாலை முழுவதும் தவித்ததே, அத்தவிப்புக்குத் திரையில் ஒரு கணமும் இடமிருக்கவில்லை.

2009ஆம் ஆண்டுப் படம் இவற்றின் உச்சம். எழுத வாசிக்கத் தெரியாதவர்களாக இரு இயந்திரக் கோமாளிகள் அதில் வந்தனர். அவர்களது பேச்சும் நடையும் கறுப்பின மக்களைப் பழிக்கும் பழைய கேலிக்கூத்தின் மறுபதிப்பு எனப் பலர் கண்டித்தனர். பெண்ணைக் காரின் மேல்மூடியைப்போற் காட்சிப்பொருளாக்கும் கமராக் கண்ணைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்படத்தின் கதை ஏன் அத்துணை சிதறிக் கிடந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2007 நவம்பரில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2008 பெப்ரவரி வரை அது நீடித்தது. எழுத்தாளர்கள் முன்னரே கொடுத்துச் சென்ற குறிப்பை வைத்துக்கொண்டு, வெளியீட்டுத் திகதியை மாற்றாமல் இயக்குநர் ஆயத்தங்களை நடத்தினார். வேலைநிறுத்தம் படத்தைப் பாதித்ததெனப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஆண்டின் மிக மோசமான படத்துக்கான 'கோல்டன் ராஸ்பெரி' அதற்குக் கிடைத்தது. 830 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட வசூலும் கிடைத்தது. எழுத்தாளன் இல்லாமலே கதை விற்கலாம் என்று முதலாளி கற்றுக்கொண்ட பாடம் இது.

சந்தையின் வக்கீல்கள் இப்பொழுது எழுந்து, 2011லும் 2014லும் வந்த படங்கள் ஒவ்வொன்றும் 1,100 மில்லியன் டொலரைத் தாண்டினவே, இது மக்கள் தீர்ப்பல்லவா என்பர். அன்று. டிக்கற் விற்பனை ஒருவன் உள்ளே போனதைக் கணக்கிடும். எந்த மனத்தோடு வெளியே வந்தான் என்பதைக் கணக்கிடாது. பசித்தவன் கடையிலுள்ள ஒரே உணவை வாங்கியதனால் அதன் சுவைக்குச் சான்றிதழ் கொடுத்தவனாகான். 2017இல் ஐந்தாம் படத்தின் வசூல் ஏறத்தாழ 605 மில்லியனாகச் சரிந்தது. மக்கள் தீர்ப்பு என்று ஒன்று உண்டென்றால் இச்சரிவையும் அல்லவா அவர்கள் ஏற்கவேண்டும்?

இதன்பின் நடந்தது நமது வாதத்துக்கு முக்கியமானது. 2018இல் வந்த 'பம்பிள்பீ' வொக்ஸ்வாகனையும் பழைய உருவங்களையும் மீட்டுத் தந்தது. ஓர் இளம்பெண்ணுக்கும் ஒரு இயந்திரத்துக்குமிடையிலான அன்பை அமைதியாகச் சொன்னது. 2024இல் வந்த 'டிரான்ஸ்போமர்ஸ் வன்' என்ற கார்ட்டூன் படமோ, பிற்காலப் பிரைமையும் அவனது எதிரியையும் சுரங்கத் தொழிலாளரான இரு நண்பர்களாகக் காட்டியது. அவர்களுடைய உருமாறும் ஆற்றல் பிறப்பிலேயே பறிக்கப்பட்டிருக்கிறது. ஆளுங்கும்பல் அவர்களது உழைப்பை அந்நிய எசமானருக்குக் கப்பமாகக் கட்டுகிறது. உண்மையறிந்ததும் அவர்கள் எழுகிறார்கள். விமர்சகரும் நெடுநாள் இரசிகரும் பெரிதும் பாராட்டிய படங்கள் இவ்விரண்டுமே. ஆயினும் முதலாவது சுமார் 468 மில்லியனும், இரண்டாவது சுமார் 129 மில்லியனுமே ஈட்டின. 'நல்லதைக் கொடுத்தோம், மக்கள் வாங்கவில்லை' என்று வக்கீல்கள் கைவிரிப்பர். பத்தாண்டு காலமாக இரைச்சலை விற்று அப்பெயரையே நாறடித்தவர்கள், பின்னொருநாள் நல்லதைக் கொண்டுவந்து, கூட்டம் வரவில்லையே என்று மக்கள்மீது பழிபோடுவது என்ன நியாயம்?

இரசிகர்களிடமும் நமக்கு ஒரு வழக்குண்டு. அவர்களது கோபம் நியாயமானது. ஆனால் அது நிற்குமிடம் தவறானது. பிரைமின் உடலில் ஏன் தீச்சுவாலை வரைந்தாய், முகமூடியை ஏன் அகற்றினாய், பழைய நிறம் எங்கே என்றெல்லாம் அவர்கள் கேட்கிறார்கள். உருவத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி. உடைமையைப் பற்றி ஒன்றுமில்லை. கொம்பனிக்கு இக்கோபத்தைக் கண்டு அச்சமுமில்லை. பழைய நிறத்தில், பழைய பெட்டியில், கூடிய விலையில் அதே பொம்மையைப் புதிதாக வார்த்து விற்கிறது. கோபமும் ஒரு சந்தையாகிவிடுகிறது. 2023 ஜூனில் ஏழாவது படம் வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஏறத்தாழ ஆயிரம் பேரையும் டிசம்பரில் ஏறத்தாழ 1,100 பேரையும் வேலைநீக்கஞ் செய்வதாக ஹஸ்ப்ரோ அறிவித்தது. கற்பனை வீரன் மாண்டபோது எழுந்த கடிதங்களில் நூற்றிலொரு பங்காவது இம்மனிதருக்காக எழுந்ததா? பொம்மையின் சாவுக்கு அழத் தெரிந்த நெஞ்சு, அதனைச் செய்தவனின் வாழ்வுக்காகவும் துடிக்கவேண்டும். அவ்வாறு துடிக்கும் ஆற்றல் அந்நெஞ்சுக்கு இல்லையென நாம் கருதவில்லை. அழத்தெரிந்தவனிடம்தான் பேசமுடியும், ஏளனஞ் செய்பவனிடம் பேசிப் பயனில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. வகுப்பறையில் ஒரு பிள்ளை தன் பொம்மையையோ படவீரனையோ பற்றி உற்சாகமாகப் பேசினால், குப்பை என்று வாயை அடைக்காதீர்கள். அதனோடு நீ என்ன கதை விளையாடினாய் என்று முதலிற் கேளுங்கள். இதனைச் செய்தவர் யார், எங்கே, என்ன கூலிக்கு என்று அடுத்துக் கேளுங்கள். உன் கதை உனக்குரியதா, கொம்பனிக்குரியதா என்று இறுதியாகக் கேளுங்கள். பிள்ளைகளின் கற்பனைக்கும் வியாபாரிக்குமிடையே சட்டம் வேலி போடமுடியும் என்பதை 1969 காட்டிற்று. அவ்வேலியைப் பிடுங்கி எறிய ஓர் அரசாங்கம் போதும் என்பதை 1984 காட்டிற்று. ஆகவே இது இரசனைப் பிரச்சினை மட்டுமன்று, அரசியற் பிரச்சினை.

1986இன் பிள்ளைகள் அழுதும் எழுதியும் ஒரு பெரிய கொம்பனியைப் பணியவைத்தார்கள். அது சிறிய வெற்றியன்று. ஆயின் உயிர்பெற்று எழுந்தவன் கொம்பனியின் உடைமையாகவே எழுந்தான்; மீண்டும் பெட்டியில் அடைக்கப்பட்டு மீண்டும் விற்கப்பட்டான். உயிர் கொடுத்தவருக்கே அவ்வுயிர் உரியது என்று கேட்க அன்று அவர்களுக்கு வயது போதவில்லை. இன்று போதும்.